லாரியில் ஹீட்டர் இருந்தும் குளிர் போகவில்லை!

டில்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகருக்கு ஜனவரி மாதத்தில் விடியற்காலை நாலு மணிக்குப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது லாரி அல்ல, நெருப்புதான். பழைய டயர்த் துண்டு, உடைந்த ஆப்பிள் பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் கொளுத்திப் போட்டு, சுற்றிலும் நாலைந்து பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருப்பார்கள். பனிமூட்டத்தில் முகம் தெரியாது; பேச்சு மட்டும் காதில் விழும். அந்தப் பேச்சில் நாமக்கல், திருச்செங்கோட்டுத் தமிழும் அடிக்கடி கேட்கும்.

கன்னியாகுமரியில் தொடங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி வழியாக டில்லிக்கு வந்து, ஜம்முவைத் தாண்டி ஸ்ரீநகரில் முடிகிறது. நாட்டிலேயே மிக நீளமான சாலை இது. வீட்டுக்குப் பக்கத்தில் வியர்வை வழிய ஏறி உட்காரும் நம் டிரைவர், அதே சாலையின் மறு முனையில் பனிக்கட்டிக்கு நடுவே இறங்குகிறார். வண்டியும் அதுதான், ஆளும் அவர்தான். ஆனால் அந்தக் கேபின் சேலத்து வெயிலை நினைத்துக் கட்டியது.

இந்தக் குளிர்காலத்தில் அப்படிப் போன 'டி.என். 28' லாரி ஒன்று, டிரைவரும் கிளீனரும் உயிர் தப்பி, டில்லிக்குத் திரும்பி வந்து நின்றது. வண்டியில் ஹீட்டர் இருந்தது, அதுவும் புதிது. ஆனால் சூடு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு மெக்கானிக்குக்கு அரை நாள் பிடித்தது. அந்த அரை நாள் விவரம் வடக்கே வண்டி ஓட்டும் நம்மவர்கள் எல்லாருக்கும் பயன்படும்.

காஜிகுண்டில் இரண்டு இரவு

சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றி வந்த லாரி அது. டில்லியில் இறக்கிவிட்டு, ஸ்ரீநகருக்கு வேறு சரக்கு ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது புல்வாமா பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கிலிருந்து ஆசாத்பூர் மண்டிக்கு ஆப்பிள் கொண்டுவருவது ஏற்பாடு. குளிருக்காக முதலாளி பணம் அனுப்பி, டீசலில் எரியும் சிறு ஹீட்டர் ஒன்றை டில்லியிலேயே பொருத்தச் சொல்லியிருந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டாலும் கேபினைச் சூடாக்கும் சாதனம். பொருத்திய கடைக்காரர் ஸ்விட்சைக் காட்டினார், காசை வாங்கிக்கொண்டார். எப்படி நிறுத்துவது என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பனி விழுந்து சாலை அடைபட்டது. காஜிகுண்டில் லாரிகளை வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டார்கள். முதல் இரவு ஹீட்டரைப் போட்டால், வாயால் ஊதினாற்போல் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. நடுநிசிக்கு அதுவும் நின்றுவிட்டது.

"அண்ணா, காத்து வருதுங்ணா, சூடுதான் இல்லீங்" என்று கிளீனர் பையன் சொல்ல, "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெச்சா விடியறதுக்குள்ள டீசல் எல்லாம் காலியாயிரும்டா தம்பி, இழுத்துப் போத்திட்டுப் படு" என்று டிரைவர் சமாதானம் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் இரவு பையனுக்குப் பொறுக்கவில்லை. ஓரத்து டாபாவில் கெஞ்சி, ஒரு தகர டப்பா நிறையக் கரி நெருப்பு வாங்கி வந்து கேபினுக்குள் வைத்தான். புகை இல்லை, கரி நன்றாகக் கனன்று சிவந்திருந்தது. புகை இல்லையே என்றுதான் டிரைவரும் சம்மதித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இருவரும் தூங்கிப் போனார்கள்.

இரண்டு மணி சுமாருக்குப் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை முன்னே நகர்த்தச் சொல்லிக் கதவைத் தடியால் தட்டினார். டிரைவருக்குச் சத்தம் கேட்கிறது, எழ முடியவில்லை. கால் தன்னுடையதாகவே இல்லை. எப்படியோ கைப்பிடியை இழுத்துக் கதவோடு வெளியே சாய்ந்தார். பையனைத் தூக்கி இறக்கினார்கள். அவன் வாந்தி எடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பேசினான். வரிசை அன்றிரவு நகராமல் இருந்திருந்தால் அந்தப் போலீஸ்காரர் தட்டியிருக்க மாட்டார்.

கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்பு அதற்கு. முதலில் தலைவலி, பிறகு தூக்கம்; அந்தத் தூக்கத்திலிருந்து எழுவது சந்தேகம். லாரிக்காரர்களுக்கு மட்டும் வரும் ஆபத்து அல்ல இது. 2024 ஜனவரியில் டில்லியிலேயே இரண்டு இடங்களில் மூடிய அறைக்குள் அங்கீட்டி வைத்துத் தூங்கிய ஆறு பேர் இறந்து போனார்கள். ஒற்றை அறையில் நாலு பேராகக் குடியிருக்கும் நம்மவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

ஹவில்தார் வந்தார்

டில்லி திரும்பியதும் டிரைவர் தேடிப் போனது, ஹீட்டர் பொருத்திய கடையை அல்ல. வேலூர்ப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் அங்கே இருக்கிறார். ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் வண்டி ரிப்பேர் வேலையில் இருந்து, லடாக்கிலும் சில வருஷம் காலம் தள்ளி, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். டிரான்ஸ்போர்ட் நகரில் எல்லாரும் அவரை 'ஹவில்தார் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை. "போடுங்க தம்பி, கேப்போம்" என்றார்.

இந்த ஹீட்டர் வேலை செய்யும் விதம் சுலபமானது. சிறு பம்பு ஒன்று டாங்கிலிருந்து டீசலைத் துளித் துளியாகத் தள்ளும். 'டிக் டிக்' என்ற சத்தம் அதுதான். உள்ளே ஒரு குளோ பிளக் பழுக்கக் காய்ந்து டீசலைப் பற்றவைக்கும். எரிவதற்கான காற்றை வண்டிக்கு அடியிலிருந்து ஒரு காற்றாடி இழுக்கும். எரிந்த புகை வேறு குழாய் வழியாக வண்டிக்கு அடியிலேயே போய்விடும். நெருப்பு எரியும் அறையைச் சுற்றி அலுமினிய விசிறிகள் போன்ற தகடுகள். கேபின் காற்று அந்தத் தகடுகளின் மேல் ஓடிச் சூடாகி வரும். நெருப்புக் காற்றும் நாம் மூச்சு விடும் காற்றும் எங்கேயும் கலக்கக் கூடாது. கலக்காதவரை கரிச் சட்டியைவிட ஆயிரம் பங்கு மேல். பெரிய எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் போகும். இது முழு வேகத்தில் எரிந்தாலே சுமார் அரை லிட்டர்தான். மெதுவாக எரிந்தால் அதிலும் பாதிக்குக் குறைவு. ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பெஹர் கம்பெனிகள் இத்தகைய ஹீட்டருக்குப் பேர் போனவை. ஐரோப்பாவில் தூர தேசம் போகும் லாரியில் இது சர்வ சாதாரணம். இப்போது சீனச் சரக்கு மலிவாக வருகிறது. பெட்டியின் மேல் 8 கிலோவாட் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது 5 கிலோவாட் சாதனமாக இருப்பதும் உண்டு.

ஹவில்தார் மூன்று இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். ஹீட்டரின் வாயில், குழாயின் நடுவில், கேபினுக்குள் காற்று வரும் துவாரத்தில். வாயில் நல்ல சூடு. துவாரத்தில் வெதுவெதுப்பு. அப்படியானால் முதல் குற்றம் இடைவழியில்.

படுக்கைப் பலகையைத் தூக்கினால் விஷயம் தெரிந்தது. சூடான காற்று போகும் குழாயைத் தேவைக்கு இரண்டு மடங்கு நீளமாக விட்டு, மூன்று இடத்தில் வளைத்திருந்தார்கள். அதன் மேல் ஜாக்கியும் அரிசி டின்னும் ஏறி உட்கார்ந்து, குழாய் சப்பட்டையாகிக் கிடந்தது. காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் சூடு ஹீட்டருக்குள்ளேயே தங்கும். அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்று அதன் காவல் கருவி நெருப்பைக் குறைக்கும். பிறகும் குறையாவிட்டால் நிறுத்தியே விடும். வெதுவெதுப்புக் காற்றுக்கும், நடுநிசியில் நின்று போனதற்கும் ஒரே காரணம் அந்த அரிசி டின்!

"கேபின் குளிருது, ஹீட்டர் கொதிக்குது. ரெண்டுக்கும் நடுவுல உங்க சமையல் சாமான்" என்றார் ஹவில்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அதோடு முடியவில்லை. ஹீட்டர் காற்றை உறிஞ்சும் பக்கத்தில், தரையில் ஒரு பழைய ஓட்டை. கேபினுக்குள் ஏற்கெனவே சூடான காற்றைத் திரும்பத் திரும்ப உறிஞ்சினால்தான் சூடு ஏறிக்கொண்டே போகும். இங்கே வெளியிலிருக்கும் பனிக்காற்றை இழுத்து, அதையே ஒவ்வொரு தடவையும் புதிதாகக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைத்த கதைதான். தவிர, சூட்டை அளக்கும் ஸ்விட்ச் பெட்டியைக் காற்று வரும் துவாரத்துக்கு நேர் மேலே திருகியிருந்தார்கள். அதன் மேல் வெதுவெதுப்புப் பட்டதும் கேபின் முழுவதும் சூடாகிவிட்டதாக அது கணக்குப் போட்டு நெருப்பை அடக்கிவிடும். அதைக் கழற்றி, படுக்கையில் தலைமாட்டுப் பக்கம் மாற்றினார்.

குழாயை நேராக்கி, நீளத்தைக் குறைத்துப் போட்ட பிறகு சூடு கூடியது. ஆனால் முழு வேகத்தில் வரவேண்டிய அளவு இல்லை. இப்போதுதான் ஹவில்தார் வண்டிக்கு அடியில் படுத்தார்.

டீசலும் கரியும்

டீசல் வரும் மெல்லிய குழாய் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியக்கூடியது. அதில் டீசலோடு காற்றுக் குமிழிகளும் ஓடிக்கொண்டிருந்தன. பம்பு ஒரு 'டிக்'குக்கு ஒரு துளி என்று எண்ணித் தள்ளும் சாதனம். துளிக்குப் பதில் காற்றைத் தள்ளினால் நெருப்பு பாதிதான் எரியும். பம்பைப் படுக்கை வசமாகக் கட்டியிருந்தார்கள். வெளியே தள்ளும் முனை மேல் நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் குமிழி தானாக வெளியேறும். சாய்த்துக் கட்டி, குழாயின் இணைப்புகளை வெட்டி முனையோடு முனை சேர்த்துப் புதுக் கிளிப் போட்டார். சிறு பில்டரைக் கழற்றினால் மெழுகும் அழுக்கும்.

மெழுகு எங்கிருந்து வந்தது? குளிரில் டீசலுக்குள் இருக்கும் மெழுகு திரண்டு பில்டரை அடைக்கும். நம் நாட்டு நிர்ணயப்படி சாதாரண டீசல் பில்டரை அடைக்கத் தொடங்கும் எல்லை கோடைச் சரக்குக்கு 18 டிகிரி வரையும், குளிர்காலச் சரக்குக்கு 6 டிகிரி வரையும் இருக்கலாம். காஜிகுண்டில் ஜனவரி இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். லடாக் போன்ற இடங்களுக்கென்றே, மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. மலை ஏறுவதற்கு முன் டாங்கில் பழைய டீசல் குறைவாகவும், அந்தப் பக்கத்து பங்கில் பிடித்தது அதிகமாகவும் இருப்பது நல்லது. மண்ணெண்ணெய் கலந்து சமாளிக்கும் பழைய வழக்கம் பாரத் ஸ்டேஜ் 6 எஞ்சின்களுக்கு ஆகாது. நூறு ரூபாய் மிச்சம் பிடித்து புகைபோக்கிச் சாதனத்துக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டி வரும்.

அடுத்து ஹீட்டரையே பிரித்தார். எரியும் அறை முழுவதும் கரி. டீசல் ஊறி எரிய வேண்டிய கம்பி வலை அடைத்துப் போய்ப் பலகாரச் சட்டியின் அடிபோல் இருந்தது. ஒரே மாசத்தில் இவ்வளவு கரியா என்று டிரைவர் கேட்டார்.

"எப்படி நிறுத்துவீங்க?" என்றார் ஹவில்தார்.

பையன்தான் பதில் சொன்னான். "பாட்டரி இறங்கிடும்னு மெயின் சுச்சியவே ஆப் பண்ணிருவனுங் சார்."

அங்கேதான் கோளாறு. இந்த ஹீட்டரை அதன் சொந்த ஸ்விட்சில்தான் நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் காற்றாடி சில நிமிஷம் ஓடி, மிச்ச டீசலை எரித்து, அறையைக் குளிரவைத்து, பிறகு தானே நிற்கும். நடுவில் கரண்டைத் துண்டித்தால் பாதி எரிந்த டீசல் கரியாகப் படியும். சூடு தகடுகளையும் வயர்களையும் பாதிக்கும். இரவெல்லாம் மிகக் குறைந்த சூட்டிலேயே எரியவிட்டாலும் கரி சேரும். ஆகவே மாசத்துக்கு ஒரு தடவையாவது இருபது நிமிஷம் முழு வேகத்தில் எரியவிடுவது நல்லது. வெயில் காலத்திலும் இதைச் செய்ய வேண்டும். வலையையும் காஸ்கெட்டையும் மாற்றி, கரியைச் சுரண்டி மூடினார்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹீட்டருக்கான வயரைக் கேபின் விளக்கு வயரிலிருந்து இழுத்திருந்தார்கள். குளோ பிளக் காயும் முதல் சில நிமிஷம் கரண்ட் கனமாக வேண்டும். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி, காற்றாடி சோம்பும். பிளக் சரியாகக் காயாது. சில வேளை 'பாட்டரி குறைவு' என்று ஹீட்டரே மறுத்துவிடும். பாட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தால் குறை தெரியாது. ஹீட்டரின் பிளக்கில், அது காயும் சமயத்தில் பார்க்க வேண்டும். பாட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரும் பியூசும் போட்டார்.

புகைக் குழாய்

இத்தனை நேரம் நிதானமாக இருந்த ஹவில்தார் கோபப்பட்டது ஒரே ஒரு இடத்தில்தான். ஹீட்டரின் புகைக் குழாய் கேபினுக்கு அடியில் பாதியில் முடிந்து, அதன் முனை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்து, இரண்டு விரல் நுழையும் சந்து. பக்கத்தில் அந்தத் தரை ஓட்டை.

"ஹீட்டர் ஒழுங்கா எரிஞ்சிருந்தா, கரி நெருப்பே வேண்டாம். இதுவே முடிச்சிருக்கும்" என்றார்.

டிரைவர் ஒன்றும் பேசவில்லை. பொருத்திய கடைக்காரரிடம் ரசீதுகூட வாங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சூடு குறைவாக இருக்கிறது என்று சூட்டை மட்டும் கூட்டிக் கொடுத்திருக்கும் மெக்கானிக்காக இருந்தால், வண்டி அடுத்த நடையில் பிணத்தோடு திரும்பியிருக்கலாம்.

குழாயை நீட்டி, வண்டியின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், முனையைக் கீழ் நோக்கி வைத்தார்கள். தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய ஒரு சிறு துவாரம். சேறோ பனியோ அடைத்தால் நெருப்பு மூச்சு முட்டிச் சூடும் குறையும், வாயுவும் அதிகமாகும். ஆகவே நிறுத்திய இடத்தில் முனையைக் கையால் தடவிப் பார்ப்பது ஒவ்வொரு இரவும் செய்ய வேண்டிய வேலை. தரை ஓட்டைக்குத் தகடு அடித்து, கியர் உறையையும் கதவு ரப்பரையும் மாற்றினார்கள். இதனால் பாதுகாப்போடு சூடும் மிச்சமாயிற்று. எத்தனை நல்ல ஹீட்டராக இருந்தாலும் கதவு இடுக்கில் காற்று விசிலடித்தால் பயன் இல்லை.

கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்தும் சிறு அலாரம் ஒன்றையும் தலைமாட்டில் மாட்டச் சொன்னார். முதலாளிக்குப் போன் போட்டார்கள். அவர் முதலில் முனகினார். போலீஸ்காரர் தட்டிய கதையைக் கேட்டதும் அப்போதே பணம் அனுப்பிவிட்டார்.

மேலே லே வரை போகிறவர்களுக்கு ஹவில்தார் சொல்லும் சங்கதி ஒன்று உண்டு. லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டீசல் துளி மட்டும் குறையாமல் விழுந்தால் எரியக் காற்று போதாமல் கறுப்புப் புகையும் கரியும்தான் மிச்சம். உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைத்துக்கொள்ளும் வசதி உள்ள ஹீட்டரா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். இன்னொரு ஜாதி ஹீட்டர் ரேடியேட்டர் தண்ணீரைக் காய்ச்சும். அதில் சூடு குறைந்தால் பெரும்பாலும் தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கும் அல்லது கேபினுக்குப் போகும் வால்வு மூடியிருக்கும். பெட்ரோல் பங்கிலும், கதவடைத்த ஷெட்டிலும் எந்த ஜாதி ஹீட்டரையும் எரிய விடக் கூடாது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. வெயிலுக்கு நல்ல காரியம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பனியில் படுப்பவனுக்கு அந்த விதியில் ஒன்றும் இல்லை. பழைய வண்டிகளோ இன்னும் பல வருஷம் ஓடத்தான் போகின்றன.

சாயங்காலம் ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். இருபது நிமிஷத்தில் முன் கண்ணாடியில் படிந்திருந்த ஈரம் ஓரத்திலிருந்து விலக ஆரம்பித்தது. பையன் கம்பளியைக் கழற்றி மடித்து வைத்தான். ஹவில்தார் அவனையே நிறுத்தச் சொன்னார். அவன் ஸ்விட்சைத் திருப்பிவிட்டு, காற்றாடி ஓய்கிறவரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் இரவு வண்டி மறுபடி ஜம்முவுக்குக் கிளம்பியது. மெயின் ஸ்விட்சுக்கு மேலே சாக்பீஸில் கோணல் எழுத்து: 'காத்தாடி நின்னப்புறம்.'